கூரைக் கம்பியிலிருந்து காரின் அலைவாங்கி வரை: கொழும்புத் தமிழரும் வானொலியும் – ஒரு வரலாற்று நோக்கு

வானொலியின் வரலாறு பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவும், அறிவிப்பாளர்களின் வரலாறாகவும், நிகழ்ச்சிகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒலியை அனுப்பியவர்களைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்கு அதனை வாங்கியவர்களைப் பற்றி எழுதப்படவில்லை. வாங்குவோர் பக்கத்தில் நின்று வானொலியின் வரலாற்றை நோக்கினால் முதலிற் கண்ணுக்குத் தெரிவது, ‘ஏரியல்’ என மக்கள் வழங்கும் அலைவாங்கியாகும். அது வீட்டுக் கூரையில் நீண்ட கம்பியாக இருந்தது. பின்னர் காரின் மட்காட்டில் நிமிர்ந்த கோலாயிற்று. இன்று கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தாளாகச் சுருங்கியுள்ளது. இச்சுருக்கத்தை வெறும் தொழில்நுட்ப வளர்ச்சியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அலை மாறிய ஒவ்வொரு கட்டத்திலும், யார் கேட்கலாம், எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கலாம் என்னும் எல்லைகளும் மாறின. கொழும்பையும், சிறப்பாகத் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளையும் களமாகக் கொண்டு இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பி நீண்டிருந்த காலம்

இலண்டனில் பி.பி.சி. தன் ஒலிபரப்பைத் தொடங்கியது 1922 நவம்பரிலாகும். அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1925 டிசெம்பர் 16 ஆந் திகதி, கொழும்பு வானொலி நிலையம் முறைப்படி தொடங்கப்பட்டது. தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் அதனைத் தொடக்கிவைத்தார். இம்முயற்சிக்கு மூலவராய் நின்றவர் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் ஆவார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அவர் தம் பரிசோதனைச் செலுத்தியை அமைத்தார் என்பது ஒலிபரப்பு வரலாற்றிற் பெரிதும் எடுத்துரைக்கப்படும் செய்தி. மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பியே அப்பரிசோதனைகள் நடத்தப்பட்டன.

பாக்கு நீரிணைக்கு அப்பால், சி.வி. கிருஷ்ணசுவாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924 இல் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு யூலையிலேயே ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. எனினும் பணமுடை காரணமாக 1927 இல் அது நின்றுபோயிற்று. கொழும்பு நிலையமோ அரசின் கையிற் பிறந்தமையால் நிலைத்தது. அரசின் கையிற் பிறந்தமையே பின்னாளில் அதன் வலிமையாகவும் குறையாகவும் அமைந்தது என்பது ஈண்டுக் கருதற்பாலது.

அக்காலத்து வாங்கிகள் வலுக்குறைந்தவை. மின்னூட்டமின்றி இயங்கிய பளிங்கு வாங்கிகளுக்கு அலைவாங்கி பிடித்துத் தரும் ஆற்றலைத் தவிர வேறு ஆற்றல் இல்லை. எனவே கம்பி எவ்வளவு நீளமோ, எவ்வளவு உயரமோ, அவ்வளவிற்கு ஒலி தெளிந்தது. இதன் காரணம் எளிது. மத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 200 மீற்றரிலிருந்து 570 மீற்றர் வரையாகும். ஓர் அலையை நன்கு ஏற்பதற்கு அதன் நீளத்தில் நாலிலொரு பங்கு கொண்ட கம்பி வேண்டும் என்பது பொதுவிதி. 300 மீற்றர் அலைக்கு இது 75 மீற்றராகும். இத்தகைய கம்பியை எந்த வீடும் தாங்காது. ஆகவே கூரைக்கும் தென்னைக்குமிடையே இயன்ற மட்டும் கம்பியை நீட்டி, குறையை நிலத்துட் புதைத்த இன்னொரு கம்பியால் ஈடுசெய்தனர். நிலமும் அலைவாங்கியின் ஒரு பாதியாக இயங்கியது. வளவும் மரமும் உடையோருக்கு இது எளிது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த கொட்டாஞ்சேனை போன்ற துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் கம்பி கட்டுவதற்கே இடந் தேடவேண்டும். வாங்கியை வைத்திருக்க அனுமதிப்பத்திரமும் வேண்டும். கேட்கும் உரிமை, தொடக்கத்தில் இடமும் பணமும் உடையோரின் உரிமையாகவே இருந்தது.

சிற்றலையும் அதன் பேரெல்லையும்

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம், ஆசியாவெங்கும் பரந்திருந்த தன் படையினருக்காகக் கொழும்பில் ‘ரேடியோ சியாக்’ என்னும் நிலையத்தை நிறுவியது. ஏக்கலையில் 100 கிலோவாற் வலுவுடைய சிற்றலைச் செலுத்தி அமைந்தது. போர் முடிந்தபின் இந்நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949 ஒக்டோபர் 1 இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களமாயிற்று. அடுத்த ஆண்டு வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. சிறு தீவொன்றின் தேவைக்கு மிகப் பெரிதான செலுத்தி, போரின் எச்சமாக அத்தீவுக்குக் கிடைத்தது.

சிற்றலை நிலத்தோடு தவழ்ந்து செல்வதன்று. அது வானின் மேலடுக்கில் முறிந்து மீண்டும் நிலத்துக்கு இறங்குவது. இதனாற் கொழும்பிலிருந்து எழுந்த குரல் கடலையும் மலையையும் கடந்தது. 1952 அளவில் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது, இந்திய நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்தி நிகழ்ச்சி பெற்ற புகழ் யாவரும் அறிந்ததே. தமிழிலும் இதுவே நிகழ்ந்தது. எஸ்.பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் ஒலித்தது போன்றே தமிழ்நாட்டிலும் ஒலித்தது. இலங்கைத் தமிழரின் பேச்சுத் தமிழும் செம்மையான ஒலிபரப்புத் தமிழும் தமிழகத்தின் வீடுகளையும் தேநீர்க் கடைகளையும் அடைந்தன. இலங்கையரான சோ. சிவபாதசுந்தரம், பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்டதும், ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை எழுதியதும் இவ்வளர்ச்சியின் பகுதிகளேயாம். 1957 இல் இந்தியா ‘விவிதபாரதி’யைத் தொடங்க நேர்ந்தமை, கொழும்பின் சிற்றலை பெற்றிருந்த செல்வாக்கிற்குப் போதிய சான்றாகும்.

சுருங்கக் கூறின், கொழும்புத் தமிழ் ஒலி மிகப் பரந்த தூரத்தை எட்டியது, ஒலி மிகத் தெளிவாயிருந்த காலத்திலன்று. இரைச்சலும் ஏற்ற இறக்கமும் மிகுந்திருந்த சிற்றலைக் காலத்திலேயே.

காரில் ஏறிய வானொலி

வீட்டில் நின்ற வானொலி வீதிக்கு இறங்கியமை இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். அமெரிக்காவிற் கல்வின் சகோதரர்கள் 1930 இல் ‘மோட்டரோலா’ என்னும் கார் வானொலியை விற்பனைக்கு விட்டனர். அன்றைய கார்களின் கூரை துணியாலும் மரச்சட்டத்தாலும் ஆனமையால், கோழிக்கூட்டு வலை போன்ற கம்பிவலையைக் கூரையினுள் மறைத்தே அலைவாங்கியாகப் பயன்படுத்தினர். 1930களின் நடுப்பகுதியிற் கூரை முழுவதும் உருக்காயிற்று. உருக்கினுள் அலை புகாது. ஆகவே அலைவாங்கி கூரையை விட்டு வெளியேறி, காரின் கால்மிதிப் பலகையின் கீழும், பின்னர் முன்பக்க மட்காட்டின் மேலும் இடம்பெற்றது. கார் வானொலியின் வரலாறு முழுவதும், அலை புகாத உலோகக் கூட்டினுள்ளே இருப்பவனுக்கு அலையைக் கொண்டு சேர்க்கும் வழியைத் தேடிய வரலாறே எனலாம்.

கொழும்பின் வீதிகளில் ஓடிய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் முதலிய ஆங்கிலக் கார்களில் வானொலி பூட்டுவது தனித் தொழிலாக இருந்தது. மட்காட்டில் துளையிட்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் உலோகக் கோலைப் பொருத்தி, உறையிட்ட வடத்தால் அதனை வாங்கியோடு இணைத்தனர். ரப்பர்ச் சில்லுகளின் மேல் நிற்கும் காருக்கு நிலத்தொடர்பு இல்லை. எனவே காரின் உடலே நிலத்தின் இடத்தை ஏற்றது. கோலின் அடி, வர்ணம் சுரண்டிய வெற்று உலோகத்தைத் தொடாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த வாங்கியும் இரையும். இயந்திரத்தின் தீப்பொறி எழுப்பும் ‘டர்’ என்ற ஓசையை அடக்கத் தனிக்கருவி வேண்டும். வெள்ளவத்தை போன்று காலி வீதிக்கும் கடலுக்குமிடையே அமைந்த இடங்களிற் கடலின் உப்புக்காற்றே மூன்றாவது எதிரி. அது கோலின் மூட்டுகளையும் அடியையும் துருப்பிடிக்கச் செய்து தொடர்பை அறுத்துவிடும்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தன. புதிய காரும் அரிது. புதிய வாங்கியும் அரிது. பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகங்களின் சந்தையாகப் பெயர்பெற்றது. 1977 இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின், யப்பானிய ஒலிநாடாக் கருவிகளோடு இணைந்த வானொலிகள் பெருகின. இதற்குள் ஒலிபரப்பின் நிறுவன வடிவமும் மாறியிருந்தது. 1967 சனவரியில் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1972 இல் நாடு குடியரசானபோது அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் ஒலிபரப்பு அரசின் தனியுரிமையாகவே நீடித்தது.

இருளிலும் தேடப்பட்ட அலை

அரசின் தனியுரிமை என்பதன் பொருள் 1983 யூலையிற் கொழும்புத் தமிழருக்கு மிகக் கொடுமையாக உணர்த்தப்பட்டது. யூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை மறுநாள் நகரெங்கும் பரவியது. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஊரடங்கு எப்போது, எங்கே பாதுகாப்பு என்பவற்றை அறிய மக்களுக்கு வானொலியே வழி. ஆனால் சனாதிபதி நாட்டு மக்களுக்கு உரையாற்றியது யூலை 28 ஆந் திகதியே. அவ்வுரையிலும் பாதிக்கப்பட்டோர் எதிர்பார்த்த ஆறுதல் இருக்கவில்லை. தம் வீதியில் நிகழ்வதை அறியத் தம் நகரின் நிலையத்தை நம்ப இயலாதோர், கடல்கடந்த சிற்றலையை நாடினர். பி.பி.சி. தமிழோசையும், மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் அடுத்துவந்த போர்க்காலம் முழுவதும் இலங்கைத் தமிழரின் செய்தி வாயில்களாக இருந்தன.

வடக்கில் இதன் இன்னொரு வடிவம் தோன்றியது. 1990 ஐத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, மின்கலங்களுக்குந் தடை. அந்நிலையிற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலியை இயக்கினர். ஒருவர் சுழற்ற மற்றவர் சூழ்ந்திருந்து கேட்டனர். வாகனத்தையும் வானொலியையும் இணைத்த முயற்சிகளுள் இதனினும் அரியதொன்று உலகில் வேறெங்கேனும் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. வாங்கி எளியதாகவும் அலை நெடுந்தூரம் செல்வதாகவும் இருந்தமையாலேயே இது கைகூடிற்று. ஒரு துண்டுக் கம்பியும் சிறிதளவு மின்னும் இருந்தாற் போதும். எந்த முற்றுகையும் சிற்றலையை முற்றாக மறிக்க இயலவில்லை.

பண்பலையும் யப்பானியக் காரும்

1990களில் தனியார் நிலையங்களுக்கு இடமளிக்கப்பட்டது. 1998 இற் சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம். என்னும் தமிழ் நிலையங்கள் கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கின. அரசின் குரல் ஒன்றே என்றிருந்த நிலை இதனால் முடிவுற்றது. பண்பலையின் ஒலி இரைச்சலற்றது. இளைஞரின் பேச்சுமொழிக்கும் நேயரின் தொலைபேசி அழைப்புக்கும் அது இடமளித்தது. ஆனால் அதன் அலைநீளம் ஏறத்தாழ 3 மீற்றரே. நேர்கோட்டிற் செல்லும் இவ்வலை வானத்திற் பட்டு மீளாது. அடிவானத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். தீவு முழுவதும் கேட்க வேண்டுமாயின் மலையுச்சிகளில் மறுபரப்பிகள் வேண்டும். தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்குமிடையே சிற்றலையும் மத்திய அலையும் பேணிய கேள்வியுறவு, பண்பலைக் காலத்தில் தளர்ந்தது. புலம்பெயர்ந்தோர் பின்னர் செய்மதியாலும் இணையத்தாலும் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றனர் என்பது வேறு.

இக்காலத்திலேயே காரின் அலைவாங்கிக்குப் புதிய சிக்கல் எழுந்தது. இலங்கையிற் பெருகிய கார்களிற் பெரும்பாலானவை யப்பானிற் பாவித்து, ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரிற் கொண்டுவரப்பட்டவை. யப்பானின் பண்பலைப் பகுதி 76 இலிருந்து 90 மெகாஹேட்ஸ் வரையாக இருந்தது. இலங்கையின் நிலையங்களோ ஏறத்தாழ 88 இலிருந்து 108 வரையான மீடிறன்களில் ஒலிப்பவை. ஆகவே காரில் உயர்ந்த வாங்கி இருந்தும், 90 இற்கு மேற்பட்ட நிலையங்கள் யாவும் அதற்குச் செவிடாயின. இதற்குத் தீர்வாகவே கொழும்பின் வாகன மின்வினைஞர் ‘கன்வேட்டர்’ என வழங்கும் சிறுபெட்டியைப் பூட்டினர். அலைவாங்கியிலிருந்து வரும் வடத்தை வாங்கியிலிருந்து கழற்றி, இரண்டுக்குமிடையே அப்பெட்டியை இணைத்து, மின்னூட்டமும் உடல்தொடர்பும் கொடுப்பர். பெட்டியினுள் உள்ள அலையாக்கி, வரும் மீடிறனிலிருந்து குறித்த ஓர் அளவைக் கழித்துவிடும். அவ்வளவு 20 ஆயின், 104 மெகாஹேட்ஸில் ஒலிக்கும் நிலையம் காரின் முகப்பில் 84 எனத் தோன்றும்.

தன் நகரின் நிலையத்தை அதன் சொந்த எண்ணிலன்றி, வேற்று நாட்டுக் கருவியின் எண்ணிலே தேடவேண்டிய நிலை இது. எனினும் குறைந்த செலவில், காரின் முகப்பைக் குலைக்காது, எவரையும் ஒதுக்காத வழியாக அது அமைந்தது. தொழில்நுட்பத்தை ஆக்கும் நாடுகள் தம் தேவைக்கே கருவியை அமைக்கின்றன. அதனைப் பெறும் நாடுகள் இடையிலொரு பெட்டியைப் பூட்டியே தம் குரலைக் கேட்கின்றன. இவ்வுண்மைக்குக் கன்வேட்டரை விடச் சிறந்த சான்று தேடவேண்டுவதில்லை.

இலக்க முறை வானொலி

மேற்கு ஐரோப்பாவில் 1987 அளவில் ‘யுரேக்கா 147’ என்னுந் திட்டத்தின் கீழ் ஆராயப்பட்ட இலக்க முறை ஒலிபரப்பு, 1995 இல் நோர்வேயிலும் பிரித்தானியாவிலும் முறைப்படி தொடங்கியது. ஒலி எண்களாக மாற்றப்பட்டுப் பல நுண்ணிய அலைகளிற் பங்கிட்டு அனுப்பப்படுகின்றது. கட்டடங்களில் மோதி வரும் எதிரொலி அலைகளை இம்முறை பொறுத்துக்கொள்ளும். ஒரே செலுத்தியிற் பல நிலையங்கள் இடம்பெறலாம். இது பயன்படுத்தும் 174 தொடக்கம் 240 மெகாஹேட்ஸ் வரையான பகுதியில் அலைநீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். எனவே 35 முதல் 40 சதமமீற்றர் கொண்ட அலைவாங்கி போதுமானது.

பழைய காரில் இதனைப் பூட்டுவோர் பெரும்பாலும் முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டும் மெல்லிய அலைவாங்கியை நாடுவர். அதன் உலோக நா, கண்ணாடியை அடுத்த தூணின் வெற்று உலோகத்தைத் தொடவேண்டும். மொரிஸ் மைனரின் மட்காட்டில் வர்ணத்தைச் சுரண்டிய அதே விதி இங்கும் மாறவில்லை. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சிட்ட கண்ணாடியாயின் அலை உட்புகாது. அப்போது கூரையின் நடுவில் நிறுத்துவதே சிறந்தது. பழைய பண்பலைக் கோலிலிருந்து கிளைபிரித்து எடுத்தால் இரு வாங்கிகளுக்கும் அலை குறையும். இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. சிற்றலையும் பண்பலையும் தொலைவு கூடக்கூடத் தேய்ந்து, இரைந்து, அப்போதும் ஏதோ கேட்கும். இலக்க முறை ஒலியோ ஓரெல்லை வரை தெளிவாக இருந்து, அவ்வெல்லை கடந்ததும் முற்றாக அற்றுவிடும். இரைச்சலுக்கிடையே காதைத் தீட்டிச் செய்தி கேட்கும் வாய்ப்பு அதிலில்லை.

2017 இல் நோர்வே தன் தேசிய நிலையங்களின் பண்பலையை நிறுத்தியது. அங்கு வாழும் ஈழத்தமிழரும் ஏனையோரைப் போன்றே தம் பழைய கார்களுக்குப் புதிய வாங்கியும் அலைவாங்கியும் தேடவேண்டியவராயினர். 2024 முடிவிற் சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பும் அவ்வாறே செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்திற் புதிய கார்களிற் பூட்டப்படும் வானொலிகள் இலக்க முறையை ஏற்க வேண்டும் என்பது 2020 டிசெம்பரிலிருந்து விதியாயிற்று. பி.பி.சி. தமிழோசையோ 2017 ஏப்பிரலிற் சிற்றலையை விட்டு நீங்கியது. முன்னர் சைக்கிள் டைனமோவால் கேட்கப்பட்ட குரலின் இடத்தை, தொலைபேசியும் தரவுக் கட்டணமும் இருந்தாலன்றி எட்டாத சேவை பிடித்துக்கொண்டது.

இலங்கையிற் காரோட்டிகளின் வானொலி இன்றும் பண்பலையே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆகவே வீதிகளிற் காணும் கார்களுட் பெருந்தொகையானவை பழையவை. கன்வேட்டரோடு ஓடுபவையும் அவற்றுள் அடங்கும். இந்நிலையிற் பண்பலையை ஒருநாள் நிறுத்துவது என்பது பெருந்தொகையான வாங்கிகளை ஊமையாக்குவதாகும். கன்வேட்டர் போன்ற சிறுபெட்டியால் இதற்கு ஈடுசெய்ய இயலாது; எண்ணாக வந்த ஒலியைப் பிரித்தெடுக்கத் தனிவாங்கியே வேண்டும்.

அலை யாருக்கு உரியது?

இலங்கையின் உயர்நீதிமன்றம் இவ்வினாவிற்கு இருமுறை விடையளித்துள்ளது. கூட்டுத்தாபனம் கல்வி நிகழ்ச்சியொன்றைத் திடீரென நிறுத்தியமையால், அதிற் பங்குகொண்ட நேயர் ஒருவரின் கருத்து வெளிப்பாட்டுரிமை மீறப்பட்டது என 1996 இல் அது தீர்த்தது. 1997 இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது, வானலைகள் பொதுச்சொத்து என்றும், அரசு அவற்றை மக்களின் நலனுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கின்றது என்றும் வலியுறுத்தியது. வானலை பொதுச்சொத்தாயின், அதனை வாங்கும் வழியும் பொதுமக்களுக்கு எட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் இயல்பான தொடர்ச்சியாகும்.

ஒரு நூற்றாண்டு வரலாறு உணர்த்துவது இதுவே: அலைநீளம் குறையக் குறைய ஒலி தெளிந்தது, அலைவாங்கி சுருங்கியது, உடன் கேட்போரின் பரப்பும் சுருங்கியது. இதனாற் புதிய முறை வேண்டாம் என்பது பெறப்படாது. பண்பலை அரசின் தனிக்குரலை உடைத்தது போன்று, ஒரே செலுத்தியிற் பல நிலையங்களுக்கு இடந்தரும் இலக்க முறை, சிறுதொகையினரின் மொழிகளுக்கும் ஊர்களுக்கும் வாய்ப்பளிக்கலாம். ஆனால் அவ்வாய்ப்பு தானாக வராது. பழைய அலையை நிறுத்துமுன் புதிய வாங்கி எளியோரின் கைக்கும் எட்டியதா, வெள்ளவத்தையிற் கேட்பது வவுனியாவிலும் வாகரையிலும் கேட்குமா, இடர்க்காலத்தில் எந்த அலை எஞ்சும் என்னும் மூன்று வினாக்களுக்கும் திட்டமிடுவோர் விடை கூறுதல் வேண்டும். 1983 இலும் 1990களிலும் இத்தீவின் தமிழர், தெளிவான ஒலியைத் தேடி வானொலியை நாடியவரல்லர். எட்டும் ஒலியைத் தேடியே நாடினர். எந்தப் புதிய முறையையும் அளந்தறிவதற்கு அதுவே தக்க அளவுகோலாகும்.